வேன் வரும் தெரு

பாடியில் நானும் மகளும் இருந்த வீட்டை, தன் மகனுக்கு வேண்டும் என்று சொல்லி வீட்டுக்காரர் காலி செய்யவைத்தார். அடுத்த வாரமே வேறொருத்தியைக் குடிவைத்தார்.

எங்களுக்கு ஆவடி தாண்டித்தான் வீடு கிடைத்தது. வீடு மாறியதைக் கம்பெனியில் நான் சொல்லவில்லை. எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் கம்பெனி வேன் அந்தப் பக்கம் வராது. வேன் வராத இடத்துப் பெண்களை அவர்கள் வைத்துக்கொள்வதில்லை. அதனால் விடியும்போதே மகளுடன் பஸ் பிடித்து, பழைய தெருவுக்கு வந்து வேன் ஏறினேன். மகள் அங்கேயே தன் பள்ளியின் பூட்டிய கேட் முன்னால் தனியாக நிற்பாள். திரும்பிப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன்.

ஒருநாள் நல்ல மழை. மகள் பழக்கத்தில் ஓடிப்போய் பழைய வீட்டு வாசலில் ஒதுங்கினாள். கதவு திறந்தது. புதிதாகக் குடிவந்தவள், அவளும் ஏதோ கம்பெனிச் சீருடையில், தலைவாரிக்கொண்டே நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

“இன்னாக்கா, புள்ளய நனைய உட்டுகினு நிக்கிற? நீ வேனைப் புடி. நான் போசொல்ல ஸ்கூல்ல உட்டுட்டுப் போறேன்.”

மகளின் பையை வாங்கி, நான் அடித்துவிட்டுப் போன ஆணியிலேயே மாட்டினாள்.

அதன்பின் தினமும் அந்தக் கதவு எங்களுக்காகத் திறந்திருந்தது. ஒரு காலை அவள், “எங்களையும் காலி பண்ணச் சொல்ட்டாங்கக்கா. அவர் புள்ளைக்கு வேணுமாம்,” என்றாள்.

“எங்க போவ?”

“தெர்ல. எங்க வேன் வர்ற எடமாப் பாத்துகினு கீறேன்.”

பிறகு ஒருநாள் வீட்டில் பூட்டு தொங்கியது. மகள் வாசலைவிட்டு நகரவில்லை. ஹாரன் அடித்த வேனைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். ஏன் ஏறவில்லை என்று விசாரித்ததில் வீடு மாறியது கம்பெனிக்குத் தெரிந்தது; அதோடு அந்த வேலை போயிற்று.

இப்போது வேலை வேறு, வீடும் வேறு. அவள் பெயரை நான் கேட்டதே இல்லை. கேட்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் வேன் வந்துவிடும்.