மீட்டர் அக்கா போட்ட தப்புக் கணக்கு

கைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்து மின்சார மீட்டர்மேல் வெளிச்சம் அடிக்கிறார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கிறார். பிறகு பென்சிலால் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்கிறார். காலாண்டின் கடைசி நாள் சாயங்காலம், எங்கள் வங்கித் தலைமை அலுவலகமே மாடியில் தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது, கணக்குப் பிரிவின் மூத்த அதிகாரி மட்டும் கீழ்த்தளத்து மீட்டர் அறையில் ஒட்டடைக்கு நடுவே இப்படி நின்றுகொண்டிருப்பார்.

காரணம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கி தன் இடைக்கால அறிக்கையை வெளியிட்டாக வேண்டும். கரண்ட் பில் வர இன்னும் இரண்டு வாரம் ஆகும். வக்கீல் பில் வருவதற்கு வக்கீலுக்கு மனசு வர வேண்டும். அதுவரை அறிக்கை காத்திருக்காது என்பதால், வராத பில்லுக்கெல்லாம் ஒரு மதிப்பீடு போட வேண்டும். போன காலாண்டின் எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. “அதுக்கு நான் எதுக்குங்க? ஒரு ஜெராக்ஸ் மிஷின் போதுமே” என்பார். வக்கீலுக்கும் போன் போவதுண்டு. “இதுவரைக்கும் எங்க கேஸை எத்தனை மணி நேரம் பார்த்தீங்க? கொட்டாவி விட்ட நேரத்தைக் கழிச்சிட்டுச் சொல்லுங்க.”

மீட்டர் அக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இப்படித்தான். வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். வீட்டிலும் இதே கதை. கணவர் “பத்து நிமிஷத்துல வந்துடறேன்” என்றால் இரண்டரையால் பெருக்கிக்கொண்டு, அதற்குத் தக்கபடி அடுப்பைப் பற்றவைப்பாராம். “வயித்து வலின்னு சொன்னாக்கூட நூத்துக்கு எவ்வளவுன்னு கேக்கறாங்க” என்று மகள் என்னிடமே புகார் சொல்லியிருக்கிறாள்.

நான் அந்த அறிக்கையில் எண்களுக்கு நடுவே வரும் வாக்கியங்களை எழுதுகிறவன். எண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது பிரிவு முழுக்கத் தெரிந்த விஷயம். இருந்தும் அக்கா போட்ட சட்டம் என்னையும் விடவில்லை. யாருடைய மதிப்பீடு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பிசகுகிறதோ, அவர் பிரிவில் உள்ள ஒன்பது பேருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். வேலை என்றைக்கு முடியும் என்று வாயைக் கொடுத்தே நான் நாலு தடவை டீ வாங்கித் தந்திருக்கிறேன். அக்கா ஏழு வருஷமாக ஒரு டீகூட வாங்கித் தந்ததில்லை. “அக்கா காசுல ஒரு டீ குடிச்சிட்டுத்தான் ரிட்டயர் ஆவேன்” என்று எங்கள் பியூன் சபதமே போட்டிருந்தார்.

மதிப்பீட்டிலேயே சிக்கலானது, எந்தக் கடன் திரும்பி வராது என்பது. வராது என்று தோன்றினால் அந்தத் தொகையை நஷ்டமாக ஒதுக்கிவைக்க வேண்டும். அக்கா ஃபைலை மட்டும் நம்பமாட்டார், நேரிலேயே போய்ப் பார்ப்பார். அப்படித்தான் போன காலாண்டில், இரண்டு தவணை தவறிய ஒரு மரப் பட்டறைக்குப் போனார். நட்டநடுப் பகல், கதவு சாத்தியிருந்தது. வெளிச்சுவர் மீட்டரில், கரண்ட் ஓடினால் மின்னவேண்டிய சிவப்பு விளக்கு மின்னவில்லை. பட்டறை படுத்துவிட்டது என்று முடிவுகட்டி, முழுக் கடனையும் வராக்கடனில் சேர்த்துவிட்டார்.

இந்தக் காலாண்டு அறிக்கை தயாராகிக்கொண்டிருந்தபோது பட்டறைக்காரர் அக்காவின் மேஜை முன்னால் வந்து நின்றார். “மேடம், நாங்க ராத்திரிலதான் மிஷின் ஓட்டுறோம். ராத்திரி கரண்ட் ரேட்டு கம்மி. அப்புறம் மூணு தவணை ஒழுங்காக் கட்டிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு நானூறு பெஞ்சு ஆர்டர் வந்திருக்கு. மரம் வாங்கக் கடன் கேட்டா, உங்க பேரு வராக்கடன் லிஸ்ட்ல இருக்குங்கறாங்க. இந்த மாசம் மரம் எடுக்கலேன்னா ஆர்டர் போயிடும். இருபத்திரண்டு பேர் வேலை செய்யறாங்க மேடம்.”

அக்கா அவருடைய பழைய கரண்ட் பில்களை வாங்கிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. “விளக்கைப் பார்த்துட்டு வந்துட்டேன். நம்பரைக் குறிச்சு ஒரு பழைய பில்லோட வெச்சுப் பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்” என்றார். வாழ்நாள் முழுக்க எண்ணைக் குறித்தவர், குறிக்காமல் விட்ட ஒரே மீட்டர் அதுதான். எனக்கே பாவமாக இருந்தது.

திருத்த அனுமதி கேட்டு அக்கா போனபோது, பொது மேலாளர் பெருந்தன்மையாகத்தான் பேசினார். “ஏழு வருஷமா பேர் கெடாம இருக்கீங்க. ஒதுக்கின தொகை அங்கேயே கிடக்கட்டும். அடுத்த காலாண்டு லாபம் சறுக்கினா அதை எடுத்து ஈடுகட்டிக்கலாம், மெத்தை மாதிரி இருக்கும்.”

“சார், அது மெத்தை இல்ல, பட்டறை” என்றார் அக்கா. “என் பேருக்காக இருபத்திரண்டு பேர் சும்மா உட்கார முடியாது.”

நான் என் பங்குக்கு உதவப் போனேன். ‘புதிதாகக் கிடைத்த தகவல்களின் அடிப்படையில் மதிப்பீடு மறுபரிசீலனை செய்யப்பட்டது’ என்று யார்மேலும் படாத ஒரு வாக்கியம் எழுதி நீட்டினேன். அக்கா பென்சிலால் ஒரே கோடாக அடித்தார். “என்ன புதுத் தகவல் சார்? பில்லு அன்னைக்கும் இருந்துச்சு. நான்தான் கேட்டு வாங்கல.” அடித்ததன் கீழே அவரே எழுதினார்: ‘இருந்த தகவலைச் சரிபார்க்காமல் போட்ட முந்தைய மதிப்பீடு தவறு. இப்போது திருத்தப்பட்டுள்ளது.’ இத்தனை வருஷத்தில் எங்கள் அறிக்கையில் வந்த வாக்கியங்களில் உருப்படியானது அதுதான் என்று எழுதுகிறவனே ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் மதியம் பொது மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பட்டறையின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது. காகிதத்தோடு அக்கா பிரிவுக்குள் வந்தபோது எல்லோரும் ஃபைலுக்குள் தலையை நுழைத்துக்கொண்டோம். பியூன்கூட சபதத்தை மறந்தவர்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா கைப்பையைத் திறந்தார். டார்ச்சை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, அதற்கு அடியில் கிடந்த பர்ஸைத் தேடி எடுத்தார்.

“இந்தாங்க, பத்து டீ” என்று பியூன் கையில் நோட்டைத் திணித்தார்.

“நாம ஒன்பது பேர்தானேக்கா?”

“பட்டறைக்காரர் கீழே உட்கார்ந்திருக்கார். முதல் டீயை அவருக்குக் கொடுத்துட்டு மேல வாங்க.”