சந்தனம் பூசிய பல்பு

ஆயுத பூஜையன்று எதிர் லாரிப் பட்டறையில் ஹெட்லைட்டுக்குச் சந்தனம் பூசி, மறந்துபோய் எரியவும் விட்டிருந்தார்கள். சூடான கண்ணாடியில் சந்தனம் கருகும் வாசனை தெருவைத் தாண்டி என் நாற்காலிக்கு வந்தது. "அடப் பாவிகளா, அணைங்கப்பா!" என்று கத்திவிட்டேன். லாரிக்காரர் திருதிருவென்று விழித்தார். அந்த வாசனைக்கும் எனக்கும் பழைய பகை உண்டென்று அவருக்கு எப்படித் தெரியும்?

மேட்டூர் கரண்டு வந்த புதிது. சேலத்தில் ஒரு மின்சாரக் கம்பெனியின் சோதனை அறையில் எனக்கு வேலை. சுவரெல்லாம் கறுப்பு. ஊரே வெளிச்சத்துக்குக் காசு கொடுக்க, இருட்டில் உட்காரச் சம்பளம் வாங்கியவன் நான். அங்கே ஒரு பெட்டியில், பஞ்சுக்கு நடுவே இரண்டு பல்புகள் இருந்தன. அளவு பல்பு என்போம். இத்தனை கேண்டில் வெளிச்சம் என்று சீமையில் அளந்து முத்திரையிட்டு வந்தவை. ஒரு பக்கம் அது, மறுபக்கம் கடைப் பல்பு, நடுவில் எண்ணெய்ப் பொட்டு வைத்த காகிதம். காகிதத்தை நகர்த்திக்கொண்டே போனால், இரண்டு வெளிச்சமும் சமமாகும் இடத்தில் பொட்டு மறைந்துவிடும். தூரத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். (எண்ணெய் பக்கத்துக் கடை போண்டாவினுடையது. மேனேஜருக்குத் தெரியாது.) அளக்கும் நேரம் தவிர அளவு பல்பை எரிக்கவே கூடாது. எரிய எரிய ஒளி குறையும். பிறகு எதற்கும் ஆகாது.

கடைவீதியில் ஒரு பாய் பல்பு விற்றார். அவர் பல்பில் அச்சடித்த வெளிச்சம் வருவதில்லை, பொழுது சாய்ந்தால் கரை நூலின் நிறமே தெரியவில்லை என்று அம்மாபேட்டை நெசவாளர்கள் புகார் சொன்னார்கள். அளந்து குறைந்தால் அத்தனை பல்பும் கடைக்குத் திரும்பிவிடும். "பேரு போச்சுன்னா நான் எதை விப்பேன் தம்பி?" என்றார் பாய்.

பூஜை லீவுக்குச் சொந்த ஊரான ஆட்டையாம்பட்டி போய்த் திரும்பியதும் அளந்தேன். பாயும் நெசவாளர் பெரியவர் ஒருவரும் பக்கத்தில் நின்றார்கள். அச்சடித்ததைவிட அதிகமாகவே வெளிச்சம்! பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எந்தக் கம்பெனிக்காரன் சொன்னதைவிட அதிகம் கொடுப்பான்? அளவு பல்பைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கண்ணாடி கறுத்திருந்தது. கழுத்தில் காய்ந்த சந்தனம், சூட்டில் கருகிய வாசனையோடு.

எங்கள் பிட்டர் சின்னுசாமியைக் கூப்பிட்டேன்.

"இருக்கறதுலயே ஒசந்த சாமான் அதுதானுங்களே! அதான் பூசைல வெச்சு எரிய உட்டனுங்க."

"அணைக்க வேண்டாமாய்யா?"

"ஏனுங்க சாமி, பூசைல வெச்சதை விஜயதசமிக்கு முன்னாடி தொடலாமுங்களா?"

தலையில் கை வைத்துக்கொண்டேன். அளவு பல்பு மங்கியதால்தான் கடைப் பல்பு பிரகாசமாகத் தெரிந்திருக்கிறது என்று எல்லாரிடமும் விளக்கினேன்.

"நல்லாத்தான வந்துருக்குது, உட்டுருங்களே" என்று சின்னுசாமி என் காதில் முணுமுணுத்தார். பாய்க்கும் கேட்டுவிட்டது.

"இன்னொரு பல்பை வெச்சு அளந்தா கொறையுமா தம்பி?"

"குறையலாம் பாய்."

பாய் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அளந்துருங்க. இல்லாத பேரு எனக்கு வேணாம்."

பூஜைக்குப் போகாத பல்பை மாட்டினேன். காகிதத்தை மெல்ல நகர்த்தினேன். பொட்டு மறைந்த இடத்தைக் கணக்கிட்டால், பல்பில் அச்சடித்த அளவேதான். அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. நெசவாளர் பெரியவர் தானே குனிந்து பார்த்துவிட்டு, "பல்பு மேல குத்தமில்லீங்க" என்றார். குற்றம் எங்கள் கம்பெனி இழுத்த கம்பியில். தெருக்கோடி வீடுகளுக்குக் கரண்டு போய்ச் சேரும்போதே இளைத்திருக்கிறது. மேனேஜரிடம் சொன்னேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுக் கம்பியை மாற்றினார். அடுத்த வருஷம் சின்னுசாமி பெட்டிக்கு மட்டும் சந்தனம் வைத்தார்.

அந்தக் கறுப்பு அறை இன்று ஜவுளிக்கடைக் கிடங்கு. அளவு பல்புகள் எங்கே போயினவோ! பாய் கடை இருந்த இடத்தில் இப்போதும் பல்புதான் விற்கிறார்கள். போன மாதம் வாங்கும்போது, அட்டையில் போட்டிருக்கிற வெளிச்சம் வருமா என்று கேட்டேன். "எரியுதுங்களா இல்லீங்களா?" என்றார் கடைக்காரர். எரியத்தான் செய்தது. ஆனால் தனக்குச் சாதகமாக வந்த கணக்கை மறுபடி போடச் சொன்ன ஒரு வியாபாரியை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.