உறை பிரிக்காத விரிப்பு

எங்கள் வீட்டில் புதுப்பொருளின் பிளாஸ்டிக் உறையை யாரும் லேசில் பிரிப்பதில்லை. டிவி ரிமோட் ஏழு வருடமாக உறைக்குள்தான் இருக்கிறது. எந்தப் பொத்தான் எந்த எண் என்பதை அனுமானத்தால் அறிகிறோம். இந்தக் குலவழக்கம்தான் என் முதுகின் அடிப்பக்கத்தைப் பதம் பார்த்தது.

விளாங்குடி வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பில் விரிசல். ஆறு வாரம் எழுந்திருக்கக் கூடாது என்றார் மருத்துவர். படிக்காமல் விட்ட தடித்த புத்தகங்களையெல்லாம் கட்டிலருகே அடுக்கச் சொன்னேன். மல்லாந்தபடி தூக்கிப் பிடித்ததில் இரண்டாம் நாளே கை வலித்தது. மூன்றாம் நாளிலிருந்து மின்விசிறியைப் படித்தேன். சன்னலில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும் தெரியும். அது நிரம்பி வழிந்தால் அன்று எனக்கு விசேஷம்.

செல்லூரில் விசைத்தறி வைத்திருக்கும் மச்சான், என் மனைவியின் அண்ணன், ஆள்நீளப் பிளாஸ்டிக் உறையோடு ஒரு விரிப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். படுக்கைப்புண் வராமலிருக்க நெய்த துணி. மேலே ஒரு வலை, கீழே ஒரு வலை, நடுவே குத்திட்டு நிற்கும் நூல்கள். பாரம் ஒரே இடத்தில் அழுத்தாது, காற்றும் போய்வரும். மனைவி உறையைப் பிரிக்கப் போனாள்.

“அழுக்காயிரும். அப்படியே விரி. நான் எந்திரிச்சப்புறம் யாருக்காச்சும் குடுக்கலாம்” என்றேன். தானம் செய்வதில் எனக்கு அவ்வளவு முன்யோசனை.

சித்திரை வெயிலில் உறைமேல் வியர்வை தேங்கியது. அசைந்தால் மளிகைப் பொட்டலம் போலச் சத்தம் வந்தது. பத்தாம் நாள் உடம்பு துடைக்கும்போது மனைவி சட்டென்று நிறுத்தினாள். பிறகு கைபேசியில் படமெடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வால் எலும்பின்மேல் நாணயமளவு சிவப்பு.

மருத்துவரை அழைத்தோம். சிவப்பை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுக்க வேண்டும், வெளுக்காவிட்டால் புண்ணுக்கு ஆரம்பம் என்றார். தோல் பிய்ந்துவிட்டால் படுக்கை மாதக்கணக்கில் நீளுமாம். மனைவி அழுத்திப் பார்த்தாள்.

“வெளுக்கலைங்க.”

சாயங்காலம் மச்சான் வந்து போர்வையை விலக்கிப் பார்த்தார்.

“ஏன் மாப்ள, காத்து போகணும்னே நெய்ஞ்ச துணி. அதைப் பைக்குள்ள கட்டி வச்சு, அதுமேல படுத்திருக்கீக?”

“புதுசாச்சே மச்சான்.”

“இம்புட்டுப் புஸ்தகம் படிச்சும் இதுதானா?”

“அம்புட்டுக்கும் அட்டை போட்டுத்தானண்ணே வச்சிருக்காரு” என்றாள் மனைவி.

மச்சான் என்னைப் புரட்டி, விரிப்பை உருவி, உறையைக் கிழித்தார். அந்த நிலையிலும் எனக்கு நெஞ்சு பதறியது உறைக்காகத்தான்.

சிவந்த இடத்தில் பாரம் விழக்கூடாது என்பதால், விரிசல் இல்லாத பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார் மருத்துவர். அந்தப் பக்கம் சுவர். தண்ணீர்த் தொட்டியும் போயிற்று. நலம் விசாரிக்க வந்தவர்கள் என் முதுகோடு பேசினார்கள். நான் சுண்ணாம்புக்குப் பதில் சொன்னேன். காலைதோறும் மனைவி அழுத்திப் பார்ப்பாள், துணியை இழுத்து விடுவாள். அவள் முகத்தைப் பார்க்கவும் எனக்கு வழியில்லை.

திரும்பிப் படுத்த ஐந்தாம் நாள் அழுத்திப் பார்த்தவள் துணியை இழுத்து விடவில்லை.

“என்ன?”

“இருங்க, இன்னொரு தடவை பாக்குறேன்.” மறுபடி அழுத்தினாள். “வெளுக்குதுங்க. லேசா.”

இன்னும் நான்கு வாரம் இருந்தது.

“அப்ப கொஞ்ச நேரம் மல்லாந்து படுக்கட்டுமா?”

“சுவத்தைப் பாத்தே படுங்க” என்றாள்.