ஜப்பான் வயல் கோயிலில் நான் சொன்ன பொய்

அறுத்த வைக்கோல் மழையில் நனைந்தால் ஒரு மணம் வருமே... ஜப்பானில் அந்தக் கிராமத்துக் கோயில் படியில் ஏறும்போது அதே மணம்.

தொண்ணூறுகளின் கடைசி. ஆக்லாந்தில், மனுரேவா பக்கம், ஜப்பானுக்குப் பூசணிக்காய் அனுப்பும் கம்பனி ஒன்றில் எனக்கு வேலை. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த என்னை ஆபீசுக்கு எடுத்திருந்தார்கள். அந்த வருஷம் முதலாளி பீட்டர் என்னையும் ஜப்பானுக்குக் கூட்டிப்போனார். புது கோட், புது டை...

எங்களிடம் காய் வாங்கும் சாட்டோ, தன் ஊரைக் காட்டினார். வயல்களுக்கு நடுவே சின்ன ஷின்டோ கோயில். விளைச்சலைக் காக்கும் தெய்வமாம். சிவப்பு வாசல், கல்லில் இரண்டு நரிகள், சன்னிதியில் புதுநெற்கதிர் ஒரு பிடி.

எங்கள் ஊர் முருங்கனில் அப்பாவும் முதல் கதிரை இப்படித்தான் மாதா கோயிலுக்குக் கொண்டுபோவார்.

சாட்டோ தன் தகப்பனும் நெல் விதைத்தவர் என்றார். பீட்டர் சிரித்தார். “என் அப்பா மாடு கறந்தவர். விடிய முதல் நானும் கூடப் போவேன்.”

சாட்டோ என்னிடம் திரும்பினார். “உங்கள் அப்பா?”

“பேங்க் மேனேஜர்” என்றேன்.

ஏன் சொன்னேன்... சேற்றில் நின்றவரின் மகன் என்றால் திரும்பப் பெட்டி அடுக்க விட்டுவிடுவார்களோ என்று ஒரு பயம். பீட்டர் அப்போதுதான் தன் கதையைச் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட பிறகும் சொன்னேன்.

அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, கைதட்டிக் கும்பிட்டார்கள். நான் படம் எடுத்தேன்.

திரும்பி வந்து ஊருக்கு போன் எடுத்தேன்.

“தம்பி, அங்க வயல் பாத்தனியோ? என்ன நெல்லு போடுறாங்கள்?”

“நேரம் கிடைக்கேல்லை அப்பா.”

“ஓம்... உனக்கு வேலை இருக்கும்தானே.”

அடுத்த அறுவடைக்கு அப்பா இல்லை. ஆபீசில் எல்லோரும் கையெழுத்திட்டு ஒரு அனுதாப கார்ட் தந்தார்கள். பீட்டர் தன் கையால் எழுதியிருந்தார்... ‘பேங்க் மேனேஜராக இருந்து உன்னை இவ்வளவு நன்றாக வளர்த்த மனிதர்’ என்று. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இப்போது யாரும் கேட்காமலே நான் நெல் விதைத்த கமக்காரன் மகன் என்று சொல்கிறேன். ஆட்களும் மதிப்போடுதான் கேட்கிறார்கள். அன்றும் கேட்டிருப்பார்கள்.

பீட்டர் ரிட்டயர் ஆகி பிளாக்ஹவுஸ் பே பக்கம் இருக்கிறார். போன மாதம் போய்ப் பார்த்தேன். என் அப்பாவைப் பற்றி அவரே கதை எடுத்தார், அதே மரியாதையோடு.

அப்போதும் நான் திருத்தவில்லை.