வேட்டியைக் கண்டு இறங்கிய டகோட்டா

கொழும்பு இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு ஆகாய மார்க்கமாகப் போவது எப்படி என்று, இன்னும் போகாதவர்களுக்குச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். அதில் ஒரு சிறு சங்கடம். நான் பலாலிக்குப் போய்ச் சேரவில்லை. ஆகையால் இரத்மலானையிலிருந்து கீரிக்குப் போவது எப்படி என்று எழுதுகிறேன். மன்னார்ப் பட்டினத்திலிருந்து இரண்டு மைல் சொச்சத்தில் இருக்கும் அந்த மீன்பிடிக் கிராமத்துக்கு விமானத்தில் போனவர்கள் நாங்கள் மட்டும்தான். எங்களுக்குப் பின் எவரும் போனதாகத் தெரியவில்லை. போகவும் வேண்டாம்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் கொழும்பில் ஒரு கந்தோரில், அதாவது அலுவலகத்தில், கிளாக்கர். வீடும் மனைவியும் யாழ்ப்பாணத்தில். இரவு மெயில் ரயிலில் தூங்கி விழுந்துகொண்டு போய் அலுத்துவிட்டது. ஒரு தடவையாவது துரைமாரைப் போல் வீட்டுக்குப் போவோமே என்று விமானச் சீட்டு எடுத்தேன்.

காலையில் விமான நிலையத்தில் முதலில் பெட்டியை நிறுத்தார்கள். அடுத்து என்னைத் தராசில் ஏறச் சொன்னார்கள். பயணிகளையும் நிறுப்பது அக்காலத்து வழக்கம். உத்தியோகத்தர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தராசில் ஏதும் பழுதோ என்று தட்டிப் பார்த்தார். பிறகு சந்தையில் ஏலம் கூறுவதுபோல என் எடையைக் கூவினார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விமானம் எழும்புமா என்ற கவலை அவர்கள் முகத்தில் தெரிந்தது.

டகோட்டா என்பது நாய் குந்தியிருப்பதுபோல வாலை நிலத்தில் வைத்துக்கொண்டு மூக்கை உயர்த்தி நிற்கும் விமானம். வால் பக்கத்துக் கதவால் ஏறி, சரிந்த தரையில் இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து மேலே போகவேண்டும். சிவனொளிபாதமலை ஏறியவர்களுக்குச் சிரமம் இராது. நான் ஏறியதில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு யன்னலோர இருக்கையில் விழுந்தேன்.

பக்கத்து இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கழுத்தை அசைக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வலக் கண்ணில் வெள்ளைக் கட்டு. பெயர் மதலேனம்மா. மன்னார்த் தீவிலே தோட்டவெளிதான் ஊர். கொழும்பில் கண் சத்திரசிகிச்சை முடித்து, யாழ்ப்பாணத்தில் இருக்கும் மகளிடம் போகிறார். ரயில் குலுக்கினால் கண்ணுக்குக் கூடாதென்று, கப்பலில் வேலை செய்யும் மகன் விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்திருந்தான்.

“நேரே வீட்டுக்குப் போகலாமே அக்கா?” என்று கேட்டேன்.

“வீட்டில ஆடு நிக்குது, கோழி நிக்குது. நான் சும்மா இருக்க மாட்டன், குனிவன் எண்டு மகள் மறிச்சுப்போட்டாள். டொக்டர் குனியக் கூடாதெண்டவர். இருமக் கூடாது, தும்மக் கூடாது, ஒண்டும் தூக்கக் கூடாது. எல்லாத்தையும் விட, அழக் கூடாது. அழுதால் தையல் விட்டிடுமாம். பிறகு அந்தக் கண் இல்லையாம். மற்றக் கண்ணிலும் புகார் மூட்டம்தான் தம்பி. உங்கட முகம் எனக்கு ஒரு பப்பாப்பழம் மாதிரித்தான் தெரியுது.”

“கண் நல்லாய்த் தெரிஞ்சவையும் அப்பிடித்தான் சொல்லுகினம் அக்கா.”

அவர் உதடு துடித்தது. சட்டென்று என் கையைக் கிள்ளினார்.

“பகிடி விடாதேங்கோ! சிரிக்கவும் கூடாது!”

என் பகிடிக்கு ஒருவர் சிரிக்க விரும்பியும் டொக்டர் தடை செய்தது என் வாழ்க்கையில் இதுவே முதல் தடவை. மற்றவர்கள் எவரும் விரும்பியதேயில்லை.

விமானம் எழும்பியது. தராசு உத்தியோகத்தரின் முகம் நினைவில் வந்து, எனக்கு அளவில்லாத சந்தோஷம். சிலாபம் தென்னஞ்சோலையாகப் போனது. புத்தளம் உப்பளங்கள் கண்ணாடித் துண்டுகள்போல் மின்னின. ரொட்டியும் தேநீரும் தந்தார்கள். வில்பத்துக் காட்டின் மேல் வந்தபோது மதலேனம்மா என் பக்கம் உடம்பு முழுவதையும் திருப்பினார்.

“தம்பி, தோட்டவெளி வந்தால் எனக்காக ஒருக்கால் கீழே பாருங்கோ. எங்கட மனிசன், சந்தியாப்பிள்ளை, கடற்கரையில நிண்டு வேட்டியை ஆட்டுறன் எண்டவர். பிளேன் போற நேரம் அவருக்குப் பாடம்.”

“எந்த வேட்டியை அக்கா?”

“கட்டியிருக்கிற வேட்டியைத்தான். அந்த மனிசனுக்கு வேற யோசினை வராது.”

அவர் புருஷனைப் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்கை நிறைவேற்ற விமானமே உதவி செய்யும் என்று அப்போது தெரியாது.

மன்னார்த் தீவு நீலத்தில் மிதந்து வந்தது. இடப்பக்க எஞ்சின் இருமியது. திரும்பவும் இருமியது. விசிறி சுழலும்போது கண்ணுக்குத் தெரியாது. இப்போது அது நின்று, மூன்று இதழும் தெளிவாகத் தெரிந்தன. விமானத்தில் போகிறவர்கள் யன்னலால் எதைப் பார்த்தாலும் பார்க்கலாம், இதைப் பார்க்கக் கூடாது. ஒற்றை எஞ்சினிலும் டகோட்டா பறக்கும் என்று முன் இருக்கைக்காரர் தைரியம் சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, வலப்பக்கமும் இருமத் தொடங்கியது.

“தம்பி, தோட்டவெளி வந்திட்டுதோ? மனிசன் தெரியுதோ?”

குனிந்து பார்த்தேன். வெள்ளை மணலில் ஒரு மனிதர் வேட்டியைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டிருந்தார். எறும்பளவில் தெரியவேண்டியவர், ஆளளவில் தெரிந்தார்.

“தெரியுது அக்கா. வடிவாத் தெரியுது.”

“என்ன செய்யிறார்?”

“வேட்டி ஆட்டுறார். மீசை வைச்சிருக்கிறார்.”

“மீசையும் தெரியுதோ?” அவர் குரல் தணிந்தது. “தம்பி, நாங்கள் விழுறமோ?”

அந்தக் கேள்விக்கு நான் பகிடி தேடினேன். கிடைக்கவில்லை.

விமானப் பணியாளர் ஓடிவந்து, எல்லோரும் தலையை முழங்காலுக்குள் வைத்துக் குனிந்துகொள்ளுங்கள் என்றார். எல்லோரும் குனிந்தார்கள். மதலேனம்மா அசையவில்லை.

“நான் குனிய மாட்டன். டொக்டர் சொன்னவர்.”

வாதாட நேரமில்லை. நான் இருக்கைப் பட்டியைக் கழற்றி, இரு கால்களையும் முன் இருக்கையில் முட்டுக் கொடுத்து, குறுக்கே சரிந்து, அவர் தலையை என் தோளோடு அசையாமல் பிடித்துக்கொண்டேன். முன்னால் என் வயிறு, பின்னால் இருக்கை. நடுவில் அந்தக் கண். தராசில் வெட்கப்பட்ட எடைக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது அந்தக் கணம்தான். அவர் மாதாவைக் கூப்பிட்டார். நான் மாதாவோடு பிள்ளையாரையும் கூப்பிட்டேன். எந்தக் கந்தோர் திறந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பனைமரத் தலைகள் யன்னலோரம் ஓடின. பிறகு தண்ணீர். ஓங்கி ஒரு அறை, இன்னொரு அறை, பிறகு வயிற்றால் தேய்க்கிற நீண்ட சத்தம். விமானம் அரைவட்டம் அடித்துச் சாய்ந்து நின்றது. பிறகு பின்னால் யாரோ தும்மினார்கள்.

“அது நானில்லை,” என்றார் மதலேனம்மா.

கட்டு அப்படியே இருந்தது. கண்ணீர் இல்லை. என் முழங்கால் வீங்கியிருந்தது. ஒருவருக்கு நெற்றியில் கீறல், ஒருவருக்குப் பல்லில் இரத்தம். கப்டன் வந்து எங்களை இரண்டு தடவை எண்ணினார். எல்லோரும் இருந்தோம். கதவைத் திறந்தால் கடல் முழங்காலளவு. டகோட்டா கரைக்கு ஒரு கூப்பிடு தூரத்தில், மணலில் குந்தியிருந்தது.

கீரி வேதக்கோயில் மணி அடித்தது. கடலில் ஆபத்து என்றால் அங்கே அப்படித்தான் அடிப்பார்கள். வள்ளங்கள் வந்தன. முதல் வள்ளத்தில் சூசைச் சம்மாட்டி. ஊரில் பெரிய வலைகளுக்குச் சொந்தக்காரர், அவர் சொன்னால் கரையில் மறுபேச்சில்லை. மதலேனம்மாவை நாலு பேர் இருக்கையோடு தூக்கி வள்ளத்தில் வைத்தார்கள். தேரில் மாதா சுரூபம் போகிறமாதிரி நிமிர்ந்து போனார்.

உண்மையான ஆபத்து கரையில் காத்திருந்தது. கடலிலிருந்து மீட்ட ஆளைப் பீப்பாவில் குப்புறப் போட்டு, உருட்டி, குடித்த தண்ணீரை வெளியேற்றுவது அவர்களின் வழக்கம். முதலில் பீப்பா, பிறகுதான் பேச்சு. ஒரு தார்ப்பீப்பாவைக் கிடத்தி, ஆட்கள் சுற்றி நின்றார்கள். நாங்கள் ஒருவரும் ஒரு துளியும் குடிக்கவில்லை என்பதை அவர்கள் கேட்கவில்லை.

“முதல்ல பொம்பிளை! குப்புறப் போடுங்கோ!” என்றார் சம்மாட்டி.

“ஐயோ, குனியக் கூடாது! கண் போயிடும்!” என்று கத்தினேன்.

“கண்ணோ பெரிசு, உயிரோ பெரிசு? தள்ளு!”

ரெண்டு பேர் அவர் தோளைப் பிடித்துவிட்டார்கள். மதலேனம்மா வாயை இறுக்கி, அழாமல் இருக்கும் முயற்சியிலேயே பேச முடியாமல் இருந்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஓடிப்போய் பீப்பாவில் நானே குப்புற விழுந்தேன்.

“நான்தான் குடிச்சனான்! நிறையக் குடிச்சனான்! என்னை உருட்டுங்கோ!”

என் உடம்பைப் பார்த்தவர்கள் நம்பிவிட்டார்கள். அவ்வளவு பெரிய வயிற்றில் கடல் இல்லாவிட்டால் வேறென்ன? ஆறு பேர் பிடித்து உருட்டினார்கள். முன்னுக்கு, பின்னுக்கு, முன்னுக்கு.

“வருகுதோ?”

“ரொட்டிதான் வருகுது சம்மாட்டியார்.”

“வரட்டும், வரட்டும். பின்னால தண்ணி வரும்.”

அந்த இடைவெளியில் கோயில் சுவாமியார் வந்து, கண்ணில் இருந்த கட்டைப் பார்த்து, கையை உயர்த்தி நிறுத்தினார். விஷயம் விளங்கியதும் சம்மாட்டி ஆளே மாறிவிட்டார். தலையை விரித்துக்கொண்டு ஒப்பாரியோடு ஓடிவந்த பெண்களை அவரே மறித்தார்.

“ஒருத்தரும் அழப்படாது! நீங்கள் அழுதால் அவவுக்கும் அழுகை வரும். வாயை மூடுங்கோ!”

அழ வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். பிறகு யாரோ ஒருவர் மாதா பிரார்த்தனையைத் தொடங்க, அழுகைக்கு எடுத்த மூச்சையெல்லாம் அதில் போட்டார்கள். கடலே அதிர்ந்தது.

ஆனால் எல்லோருக்கும் ஒரே பயம். புருஷன் வருவார். விமானம் விழுந்ததைக் கண்ணால் கண்டவர். அவர் வந்து கட்டிப்பிடித்து அழுதால், எந்தச் சம்மாட்டியால் மறிக்க முடியும்?

மதலேனம்மா கதிரையில் இருந்தபடி கடற்கரையோரம் பார்த்தார்.

“தம்பி, வெள்ளையா ஒண்டு ஓடி வருகுது. ஆடோ?”

“இல்லை அக்கா. உங்கட மனிசன்.”

தோட்டவெளியிலிருந்து ஓட்டமாகவே வந்திருந்தார் சந்தியாப்பிள்ளை. அரையில் உள்காற்சட்டை மட்டும். வேட்டி இன்னும் கையில், கொடிபோலப் பறந்துகொண்டிருந்தது. அதைக் கட்டவேண்டும் என்ற ஞாபகமே வரவில்லை. பிரார்த்தனை நின்றது. அவர் மனைவிக்கு முன்னால் வந்து நின்றார். தாடை நடுங்கியது. கட்டைப் பார்த்தார். நாங்கள் மூச்சை அடக்கினோம்.

“உனக்கு அறிவில்லையோ?” என்று சத்தம் போட்டார். “கீரியில ஏன் இறங்கினனீ? இன்னும் கொஞ்சம் தள்ளி இறங்கியிருந்தால் வீட்டு வாசல்!”

“முதல்ல வேட்டியைக் கட்டுங்கோ. ஊர் பாக்குது.”

“ஊர் பாக்கட்டும். ஆட்டுக்கு ஆர் குழை வெட்டுறது? இவ பிளேனில ஊர் சுத்துறா!”

“கத்தாதேங்கோ. எனக்குச் சிரிப்பு வருகுது. சிரிக்கவும் கூடாது.”

ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது.

சிறிது நேரத்தில் சந்தியாப்பிள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு, கவிழ்த்து வைத்த வள்ளத்துக்குப் பின்னால் போய் எனக்குக் கை காட்டினார். போனேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், குலுங்கிக் குலுங்கி அழுதார். என் சட்டை கடலில் நனைந்ததைவிட அதிகம் நனைந்தது.

“டொக்டர் அவளுக்குத்தானே அழக் கூடாதெண்டவர்,” என்றார். “எனக்கில்லையே?”

“உங்களுக்கில்லை அண்ணை. ஆறுதலா அழுங்கோ.”

மூக்கைத் துடைத்துவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்து இரகசியமாகக் கேட்டார். “தம்பி, என்னைப் பொலிஸ் பிடிக்குமோ?”

“ஏன்?”

“யுத்த நேரம் இஞ்ச நிண்ட பட்டாளத்தார் சொன்னவங்கள், கரையில வெள்ளைத் துணி ஆட்டக் கூடாது, இறங்கச் சொல்லுற சைகை எண்டு பிளேன்காரன் இறங்கிடுவான் எண்டு. நான் மறந்துபோய் ஆட்டிப்போட்டன். அது நேரே என்னைப் பாத்தெல்லோ இறங்கினது!”

அவரைக் கப்டனிடம் கூட்டிப்போனேன். கப்டன் கொழும்புக்காரர், தமிழ் தெரியாது. வள்ளத்தில் சாய்ந்து வெறுந்தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சந்தியாப்பிள்ளையின் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். சொன்ன கையோடு, என் எடையால்தான் விழுந்ததோ என்ற சந்தேகத்தையும் கேட்டு, அதைச் சந்தியாப்பிள்ளைக்குத் தமிழிலும் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மதலேனம்மா கதிரையிலிருந்து குரல் கொடுத்தார்.

“ரெண்டு பேரிலயும் பிழையில்லை. நான்தான் மாதாவிட்டைக் கேட்டனான். மருமகன் வீட்டில ஒரு மாசம் இருக்க ஏலாது, எப்பிடியாவது ஊரில இறக்கிவிடு தாயே எண்டு. இப்பிடி இறக்குவா எண்டு ஆர் கண்டது?”

அதையும் மொழிபெயர்த்தேன். கப்டன் மூன்று குற்றவாளிகளையும் வரிசையாகப் பார்த்தார். பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கவேண்டும், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார். சொன்னவர் கோப்பையை வள்ளத்தில் வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். நான் சொன்ன பகிடிகளிலேயே நன்றாக எடுபட்டவை இந்த மூன்றும்தான். அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவருக்கும் தடையில்லை.

அன்றிரவு தோட்டவெளியில் அவர்கள் வீட்டில் தங்கினேன். பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழ் ஊற்றினார்கள். பீப்பா காலிசெய்த இடத்தை நிரப்பச் சட்டி போதவில்லை. மதலேனம்மா கதிரையில் நிமிர்ந்திருந்து ஆட்டையும் கோழியையும் புருஷனையும் வாயாலேயே மேய்த்தார். சந்தியாப்பிள்ளை அவருக்காகக் குனிந்து குனிந்து, முதுகைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை தலைமன்னாரிலிருந்து வந்த ரயிலில், தோட்டவெளி ஸ்டேசனில் ஏறினேன். இனி ஆகாயம் வேண்டாம். மதவாச்சியில் மாறி யாழ்ப்பாணம் போக ஒரு பகல் முழுவதும் ஆகும், ஆகட்டும். கொழும்பில் என் அறைக்குப் பக்கத்து அறைக்காரர் மூன்று வருடமாக என் பெயர் கேட்டதில்லை. இங்கே ஓர் ஊரே என்னைப் பீப்பாவில் உருட்டியிருக்கிறது.

வழியனுப்ப வந்த சந்தியாப்பிள்ளை மேடையில் நின்றார். ரயில் அசைந்தது. நான் யன்னலால் கையை நீட்டி ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டார்.

“என்ன அண்ணை, கை காட்ட மாட்டியளோ?” என்று கத்தினேன்.

“நீங்கள் சுகமாப் போய்ச் சேருங்கோ தம்பி,” என்றார் அவர். “பிறகு ஆட்டுறன்.”