தம்பியின் விமானமும் என் கடலை மெஷினும்

என் தம்பி விமானப்படையில் போர் விமானம் ஓட்டுகிறான். அவன் ஓட்டிக்கொண்டிருந்தது அவனைவிட வயதில் மூத்த ரகம். அந்த ரகத்தில் ஒன்று எங்காவது விழுந்ததாகச் செய்தி வந்தால், அவன் கூப்பிடும்வரை போனைக் கையைவிட்டுக் கீழே வைக்க மாட்டேன். வெளிநாட்டிலிருந்து புதுசு வாங்கப் போகிறார்கள் என்று பேப்பரில் வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். இன்று இந்த நாடு, நாளை அந்த நாடு. சோதனை, பேச்சுவார்த்தை, மறுபடி சோதனை. பேப்பரை வீசிவிட்டு டெல்லியில் இருக்கிறவர்களைத் திட்டித் தீர்ப்பேன்.

நான் அப்படி இழுத்தடிக்கிற ஆள் இல்லை. ஆலங்குடிப் பக்கம் எங்களுக்குக் கடலைக்கொல்லை. பிடுங்க ஆள் கிடைக்காத ஒரு வருஷம், கோயம்புத்தூர் கண்காட்சிக்குப் போய், டிராக்டரில் மாட்டுகிற வெளிநாட்டு மெஷினை ஒரே மத்தியானத்தில் பேசி முடித்தேன். அங்கே மணல் கொட்டிய பாத்தியில் அது செடியைப் பூப்போலத் தூக்கியது. எங்கள் செம்மண்ணோ மழையில்லாமல் இறுகிக் கிடந்தது. காயெல்லாம் மண்ணுக்குள்ளேயே நின்றுவிட, வெறும் கொடிதான் மேலே வந்தது. மூன்றாவது சாலில் பெல்ட்டும் அறுந்தது. புது பெல்ட் கப்பலில் வர வேண்டும் என்றான் மெஷினை விற்ற ஏஜென்ட். பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டான்.

லீவில் வந்திருந்த தம்பி வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான்.

"அக்கா, வாங்குறதுக்கு முன்னாடி நம்ம கொல்லையில ஒரு சால் ஓட்டிக் காட்டச் சொன்னியா?"

"இல்லடா."

"பெல்ட்டு இங்கிட்டு எங்க கெடைக்கும்னு கேட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. "வாய மூடு. ஒங்க டெல்லிக்காரங்க மட்டும் என்னத்தக் கிழிக்கிறாங்க?" என்று கத்தினேன்.

"இதத்தான்க்கா கேக்குறாங்க," என்றான் பொறுமையாக. பேப்பரில் வந்ததைத்தான் சொன்னான். ஆனால் அவன் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. லடாக் குளிரில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறதா, ராஜஸ்தான் வெயிலைத் தாங்குகிறதா என்று இங்கேயே பறக்கவிட்டுப் பார்க்க வேண்டும். வாங்குகிற விலை மட்டும் போதாது, பல வருஷம் வைத்து ஓட்டுகிற செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் ஏவுகணையை அதில் மாட்ட விடுவார்களா? விமானத்தை இங்கேயே செய்யக் கற்றுத்தருவார்களா? நாளைக்கே சண்டை வந்து, விற்ற நாடு நம்மோடு முறைத்துக்கொண்டால் உதிரி பாகம் வருமா?

"ஒனக்கு பெல்ட்டு அறுந்தா கடலைதான போச்சு," என்றான். அறுந்த பெல்ட்டைச் சுருட்டி என் கையில் கொடுத்தான்.

அந்த வருஷம் கடலையை, இரட்டைக் கூலி கொடுத்து வெளியூர் ஆள் வைத்துக் கொத்தித்தான் எடுத்தோம். டெல்லியைத் திட்டுவதையும் குறைத்துக்கொண்டேன், முழுசாக நிறுத்தவில்லை. யோசித்து வாங்குவது சரிதான். ஆனால் அவர்கள் யோசிக்கிற நாளெல்லாம் பழசில் ஏறிப் போகிறவன் என் தம்பி.

ஒருவழியாக ஒரு நாட்டை முடிவுசெய்து அங்கிருந்து புது விமானம் வாங்கினார்கள். அதிலும் தம்பியின் முறை வரக் காலம் பிடித்தது. போன மாசம் ஒரு காலையில், களை எடுக்கிற பெண்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் செய்தான்.

"அக்கா, பழசுல இன்னிக்கித்தான் கடைசி. அடுத்த வாரம் புதுசுக்கு டிரெயினிங் போறேன்."

"எறங்கிட்டியா?"

"எறங்கிட்டுத்தான பேசுறேன்."

"நல்லா எறங்கிட்டியாடா?"

"தரையில நிக்கிறேன்க்கா."

தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஏதோ சாவுச் செய்தி என்று பயந்து, களை எடுத்தவர்கள் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். "யாரும் சாகல," என்றேன். அவர்களுக்கு விளங்கவில்லை. "யாரும் சாகலடி," என்று மறுபடி சொன்னேன்.