இரண்டாம் முறை பொரித்தது

மழைக்காலம் ஒன்று வந்து போய்விட்டது. செந்தூல் அடுக்குமாடி வீட்டில் அமுதவள்ளியின் பொரிக்கிற குவாலிச் சட்டி அடுப்பேறவே இல்லை.

கணவர் சிவநேசனுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சும் போயிற்று, தொண்டையும் சரியாக வேலை செய்யவில்லை. தண்ணீரைக்கூட மாவு கலந்து கூழாக்கித்தான் ஊட்ட வேண்டும். ஒரு தடவை சோற்றுப் பருக்கை நுரையீரலுக்குள் இறங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தார். "இருமினா பயமில்ல ஆன்டி. இருமாமலே உள்ள போறதுதான் பயம். இன்னொரு தடவை ஆனா தாங்கமாட்டாரு," என்று டாக்டர் பெண் சொல்லி அனுப்பியிருந்தாள்.

காது மட்டும் அவருக்குப் பழையபடியே இருந்தது. ரயில் பட்டறையில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசலைச் சொல்கிற வேலை பார்த்தவர். கல்யாணமான புதிதில் அவள் போட்டுக் கொடுத்த பக்கோடாவையும் காதோரம் வைத்து ஒடித்துப் பார்த்தார்.

"சத்தம் வரலயே."

"சாப்பிடுறதுக்கா, கேக்குறதுக்கா?"

"ரெண்டுக்கும்தான்லா."

கோபத்தில் அன்று அவள் சாப்பிடவில்லை. ஆனால் மறுவாரமே இன்னொரு தடவை போட்டாள், அதற்கடுத்த வாரமும். ஒருநாள் மாலை அவர் ஒடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தட்டைக் காலி செய்தார். அவரிடம் அவள் வாங்கிய பாராட்டு அவ்வளவுதான். மகள் ஷாமினி பிறந்தபோதுகூட, "மூக்கு உன்ன மாதிரி," என்றதோடு சரி.

பொரிக்கிற வாசனை வந்தால் ஹால் கட்டிலில் கிடந்தபடி அவளையே பார்ப்பார். அதற்குப் பயந்துதான் குவாலியைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சிவநேசனின் அக்கா தங்கமணி கிளாங்கிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கினாள். கையில் சந்தைக்குப் போகிற பாசார் பை. அதில் முட்டைக்கோஸும் பயத்தங்காயும்.

"எலும்பா கெடக்கான் என் தம்பி. கூழக் குடுத்தே ஆள முடிச்சிருவ போல."

"டாக்டர் சொன்னது அண்ணி."

"டாக்டரா வளத்தா அவன? நான் வளத்தேன். சரி விடு, நீயும் நானும் சாப்பிடத்தான் பக்கோடா போடப்போறேன். அதுக்கும் டாக்டர கேக்கணுமா?"

வேண்டாம் என்று சொல்ல அமுதவள்ளிக்கு வாய் வரவில்லை. நாத்தனார் அடுப்படிக்குப் போய், உப்புப் போட்ட காயில் கடலை மாவைக் கொட்டி, குழாய்த் தண்ணீரையும் மளமளவென்று ஊற்றினாள். முதல் ஈடு மெத்தென்று, எண்ணெய் குடித்து வந்தது.

அமுதவள்ளியால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"தள்ளுங்க அண்ணி. இது பக்கோடாவா, பஞ்சா?"

மீதிக் காயை மெல்லிசாக அரிந்து, உப்புப் போட்டுப் பிசறி வைத்தாள். காய் விட்ட தண்ணீரே மாவுக்குப் போதும். அரிசி மாவு ஒரு கை, காய்ந்த எண்ணெய் ஒரு கரண்டி. வெளுப்பாக எடுத்து ஆறவிட்டு, எண்ணெயை நன்றாகச் சூடேற்றி மறுபடி போட்டாள். கை எதையும் மறந்திருக்கவில்லை. இரண்டாம் முறை பொரிந்ததைத் தட்டில் கொட்டியபோது கண்ணாடிச் சில்லு மாதிரிச் சலசலத்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த ஈட்டைப் போட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பியபோது தங்கமணி ஹாலில் தம்பியின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு லா. நல்லாதான் முழுங்குனான். பாரு, இருமக்கூட இல்ல."

அமுதவள்ளி ஓடிவந்து அவரை நிமிர்த்தி, விரல் விட்டு வாயை வழித்தாள். துணுக்கு கொஞ்சம்தான் வந்தது. அவர் இருமவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டர்கிட்ட போவோம்," என்றாள். "நல்லாத்தான இருக்கான்," என்றாள் தங்கமணி. அவர் முகமும் அப்படித்தான் தெளிவாக இருந்தது. அமுதவள்ளி போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் முடிந்துபோனது.

தகனம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகும் தங்கமணி சமையலறை வாசலில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். ஷாமினி அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "இனிமே அத்தைய இங்க வரச் சொல்லாதீங்கம்மா," என்று அத்தை காதில் விழும்படியே சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அமுதவள்ளி அடுப்புப் பக்கம் பார்த்தாள். அந்த முதல் ஈட்டை அப்படியே விட்டிருந்தால் வாயில் வைத்ததும் கரைந்திருக்கும், ஆளும் தப்பியிருக்கலாம். இதை அவள் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

"அண்ணி."

தங்கமணி தலை நிமிர்ந்தாள். திட்டு வாங்கத் தயாரான முகம்.

"அன்னைக்கு அவரு கடிச்சப்ப, சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு அமுதா. எனக்கே கேட்டுச்சு."

அமுதவள்ளி தலையாட்டினாள். குவாலியில் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் அப்படியே கிடந்தது. அதைப் பழைய மைலோ டின்னில் ஊற்றி மூடினாள். பிறகு குவாலியைச் சிங்கில் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.